கூத்துக்குள் படப்பாட்டு மெட்டு: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில், கோயில்களில் ஆடுகிற காத்தவராயன் கூத்தைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த விமர்சகர் ஒருவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். இப்போதைய பெடியள் கீபோர்ட்டைக் கொண்டுவந்து வைத்து, படப்பாட்டு மெட்டைப் புகுத்தி, மரபையே கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் பேச்சு. எனக்கும் சரியென்றுதான் பட்டது, ஏனென்றால் எங்கள் கோயிலில் போன தடவை கதாநாயகி ஆரியமாலை வந்து பாடிய மெட்டுக்குச் சின்னப்பிள்ளைகள் விசில் அடித்ததை நானே பார்த்தவன்.

அப்புறம் முன்வரிசையில் இருந்த, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் எழும்பினார். எண்பது வயது இருக்கும். "தம்பி, நான் பழக்கிற மெட்டிலயும் பாதி, இந்தியாவில இருந்து வந்த நாடகக்காரரிட்ட எங்கட ஆக்கள் பிடிச்சதுதான். ஆர்மோனியப் பெட்டியும் அப்பிடித்தான் வந்தது" என்றார். சொன்னதோடு விடவில்லை, கதிரைக் கையில் தாளம் தட்டி முதலில் கூத்துக்குரிய சிந்து நடையில் நாலு வரி, பிறகு அதே வரிகளை அந்த நாடகக்காரரின் இசைநாடக மெட்டில் பாடிக் காட்டினார். பல்லில்லாத வாய், ஆனால் சுருதி அசையவில்லை. விமர்சகர் கொப்பியை மூடிவிட்டார்.

*

நான் ஒட்டுசுட்டான் ஊர். மேலே எழுதியவர் சொன்ன கதையில் அண்ணாவியார் சொன்னது சரி, ஆனால் விமர்சகரை முழுக்கத் தள்ளவும் ஏலாது. மெட்டு எங்கிருந்தும் வரட்டும். எங்கள் ஊரில் கீபோர்ட்காரன் ஸ்பீக்கரை ஏற்றிவிட்டால் உடுக்குச் சத்தமே கேட்காது, காத்தான் கழுமரம் ஏறுகிற இடத்தில் உடுக்கு இல்லாவிட்டால் அது என்ன கூத்து? பேராசிரியர் வித்தியானந்தனும்தான் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, சுற்றிவர ஆட்கள் இருந்து பார்க்கிற வட்டக்களரியில் இருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். ஆனால் ஆட்டம் பழக்குவதற்கு மட்டக்களப்பு அண்ணாவியாரையே கூப்பிட்டார். இங்கே கீபோர்ட்காரன் ஒத்திகைக்கே வருவதில்லை, நேரே மேடையில்தான் முகத்தைப் பார்க்கிறோம்.

*

மேலே இரண்டு பேரும் எழுதியதைப் பார்த்தேன், எனக்கு நடந்தது வேறு. கோவலன் கூத்துக்கு ஒரு விமர்சகரை எங்கள் ஆட்கள் ஆசையாகக் கூப்பிட்டார்கள். வந்தார், பிளேன்ரீ குடித்தார், மாதவி வரவை போனில் பிடித்தார். அடுத்த கிழமை எழுதியிருந்தார்: ஒப்பனையில் சினிமாத்தனம், முடிவில் தொய்வு. ஒப்பனை சரி, உண்மைதான், எங்கள் மாதவி அன்று சீரியல் நடிகை மாதிரித்தான் இருந்தாள். ஆனால் கண்ணகி பாண்டியனிடம் வழக்குரைக்க வந்தபோது விடியச்சாமம் நாலரை. அவர் வந்த வான் இரவு பதினொன்றரைக்கே திரும்பிப்போய் மாங்குளம் தாண்டியிருக்கும்.