செல்லம்பட்டி ஒன்றியத்தில் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கேள்வி: பனியன்நகர் அம்மா

திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வரும் ஜூனில் வீட்டுக்காரர் ஊருக்கே போகிறோம். ஊர் மதுரை மாவட்டம் செல்லம்பட்டி ஒன்றியத்தில் இருக்கிறது. மகன் ஆறாம் வகுப்பிலும் மகள் மூன்றாம் வகுப்பிலும் சேர வேண்டும். இரண்டு பேரும் இதுவரை இங்கே ஒரு சின்னத் தனியார் பள்ளியில் படித்தார்கள். இனி ஃபீஸ் கட்ட முடியாது.

ஊருக்குள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. பக்கத்து ஊரில் அரசு கள்ளர் மேல்நிலைப்பள்ளி. உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் போனால் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மாமியார் அதைத்தான் சொல்கிறார். எதை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது? கள்ளர் பள்ளியில் மற்ற சமூகப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா?

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர்

அம்மா, உங்கள் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில்தான் கடைசிவரை வேலை பார்த்தேன். கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கள்ளர் சமூகத்துக்காக ஏற்படுத்திய கள்ளர் சீரமைப்புப் பள்ளிதான் அது என்றாலும், எல்லாச் சமூகப் பிள்ளைகளும் படிக்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் உள்ள அரசுப் பள்ளிகள் அவை. பாடப்புத்தகமும் பொதுத்தேர்வும் மற்ற அரசுப் பள்ளிகளுக்கு உள்ளவையேதான்.

மகன் விஷயத்தில்தான் நீங்கள் நிறைய யோசிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வரை எங்கே படித்தாலும் கணக்கில் வராது. கள்ளர் பள்ளி இதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. அதாவது உங்கள் பையனுக்கு அந்தக் கணக்கு இந்த ஜூனில்தான் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வந்து இதைக் கேட்டு அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நூறு சதவீத ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று கேளுங்கள். அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஒன்பதில் எழுபது பேர் இருந்து பத்தில் ஐம்பது பேர்தான் எழுதினார்கள் என்றால், மீதி இருபது பேர் எங்கே போனார்கள்? சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட்டு வாங்கும் நூறு எனக்குப் பெரிதில்லை. நூறில் தொண்ணூறு பேரைத் தேர்ச்சி பெற வைத்து, யாரையும் வெளியே தள்ளாத பள்ளிதான் நல்ல பள்ளி.

மேல்நிலைப்பள்ளியில் இன்னொன்றும் விசாரியுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியாக இருக்கிறதா? பதினொன்றில் என்னென்ன குரூப் உண்டு? உயிரியல் குரூப் இல்லாத பள்ளி என்றால் அவன் ப்ளஸ் ஒன்னுக்கு வேறு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

மகளுக்கு ஊர்ப் பள்ளியே போதுமா என்பது ஆசிரியரைப் பொறுத்தது. பல ஊர்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் பயிற்சிக்கோ, பிள்ளைகளின் விவரங்களை ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்றும் வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். ஒரு நாள் காலையில் நேரே போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பக்கம் என்றால் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். அப்புறம் நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் டிக் மட்டும் இருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. ‘ழ’கரத்தைச் சுழித்துத் திருத்தி, பிள்ளை கீழே அதை மூன்று முறை எழுதியிருந்தால் அங்கே ஆசிரியர் இருக்கிறார் என்று அர்த்தம். ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். உங்கள் மகளை எந்த நிலையில் வைப்பார்கள், மேலே கொண்டுவர என்ன செய்வார்கள் என்று டீச்சரிடமே கேளுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைக்கு அது முக்கியம்.

பதில்: உசிலைக்காரன்

டீச்சர் சொன்னது சரி. ஆனால் உதவி பெறும் பள்ளியை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நான் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தேன். எங்களுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவரே பத்தாம் வகுப்பிலும் எடுத்தார். மாறுதல் கலந்தாய்வில் கிளம்பிப் போகிற பேச்சே இல்லை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குச் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. தமிழ் வழியில் படித்தால் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி சொல்வது உண்மை. அரசுப் பள்ளியில் நல்ல கணக்கு ஆசிரியர் வந்து ஊன்றி உட்காருவதற்குள் மாறுதல் வாங்கிப் போய்விடுகிறார். அதனால்தான் காலியிடத்தை விசாரிக்கச் சொன்னேன். கள்ளர் பள்ளியில் கணக்கு, அறிவியல் இரண்டுக்குமே ஆள் இல்லை என்றால் ஒதுக்கீட்டை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள். ஒன்றியத்துக்குள் வேறு அரசு மேல்நிலைப்பள்ளியையும் பாருங்கள், பஸ் பாஸ் இலவசம்தான்.

பனியன்நகர் அம்மா

ரொம்ப நன்றி டீச்சர். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது பள்ளி லீவாக இருக்குமே, யாரைப் பார்ப்பது? பழைய பள்ளியில் ஃபீஸ் பாக்கி இருக்கிறது, டிசி தருவார்களா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர்

லீவில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோரைப் பிடியுங்கள். தலைவரே ஒரு பெற்றோர்தான், ஊருக்குள்ளேயே இருப்பார். எந்த ஆசிரியர் வருகிறார், எந்த இடம் காலி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பள்ளி திறந்ததும் வகுப்பைப் போய்ப் பாருங்கள்.

டிசி இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆதார் நகலையும், இரண்டு பேருடைய எமிஸ் எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மீதியைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.