வேன் பயணத்துக்குத் தனி ஜீபிஎஸ் கருவி வேண்டுமா?

கேள்வி (கல்லடி): படுக்கையும் அடுப்பும் பொருத்தி, கூரையை உயர்த்திய எங்கள் வேனில், பொத்துவில், சியம்பலாண்டுவ, வெல்லவாய வழியாகக் குடும்பத்துடன் மலைநாடு செல்ல எண்ணியுள்ளேன். தனிக் கருவி வாங்குவதா, கைப்பேசியே போதுமா?

பதில் (அக்கரைப்பற்று): முதலில், கூரைமேல் உள்ள தண்ணீர்த் தாங்கியையும் சேர்த்து வேனின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கூகுள் வரைபடம் அந்த அளவைக் கேட்பதில்லை. கார்மின் நிறுவனம் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளுக்காகச் செய்யும் ஜீபிஎஸ் கருவிகளில் உயரம், நீளம், எடை ஆகியவற்றைப் பதியலாம். ஆயினும் ஒரு பாலத்தின் உயரம் வரைபடத்தில் இல்லையென்றால் எந்தக் கருவியும் எச்சரிக்காது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின், இலங்கை வரைபடம் அதில் உள்ளதா என்று பார்த்த பின்பே காசைக் கொடுங்கள்.

பதில் (அம்பாறை): செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு இணையம் தேவையில்லை, வரைபடத்துக்கே தேவை என்பதால், ஓஎஸ்எம்அண்ட் செயலியில் அதை வீட்டிலேயே இறக்கி வைத்தால் போதும் என்பது என் கருத்து. கடந்த மார்கழி மழையில், கருவி காட்டிய குறுக்குவழி வாய்க்கால் கட்டில் போய் முடிந்து, பின்சில்லு பாதி புதைந்த எங்கள் வேனை உழவு இயந்திரம் கொண்டுதான் இழுத்தோம். அன்று முதல் பிரதான வீதியை விட்டு இறங்குமுன் ஊராரிடம் விசாரிக்கிறேன். லகுகலப் பகுதியை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். யானை நிற்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

கேட்டவர்: நன்றி. அளந்து பார்த்தேன்: தாங்கியுடன் 2.9 மீற்றர். நான் நினைத்திருந்தது 2.5.