தலையில் அடிபட்டு மாதக்கணக்காகியும் சரியாகவில்லை: டி.எம்.எஸ். சிகிச்சைக்குப் பணம் கட்டலாமா?

ஊசிநூல், மடிப்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் சின்னதாக ஒரு பிளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் கீழ்க்கட்டளைப் பக்கம் ரோட்டில் கிடந்த இரும்புத் தகட்டில் ஸ்கூட்டி வழுக்கி விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று தெரியவில்லை, யாரோ பிளாட்பாரத்தில் உட்கார வைத்து சோடா கொடுத்ததிலிருந்துதான் ஞாபகம் இருக்கிறது. சி.டி. ஸ்கேன் நார்மல். "கன்கஷன்தான்மா, ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். கன்கஷன் என்றால் அடிபட்டதில் மூளை குலுங்கிப்போவதாம்.

பங்குனி வந்துவிட்டது, இன்னும் சரியாகவில்லை. ஓவர்லாக் மெஷினைப் போட்டால் பின்மண்டையில் ஆரம்பித்து நெற்றி வரைக்கும் வலி ஏறுகிறது. டியூப்லைட் வெளிச்சம் ஆகவில்லை. ஹூக் வைக்கும்போது ஊசிக்கண் இரண்டாகத் தெரிகிறது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் ரூமே சுற்றி, அப்புறம் தானாக நிற்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. பிள்ளை ஸ்கூல் பையைக் கீழே வைக்கிற சத்தத்துக்கே கத்திவிடுகிறேன், பிறகு உட்கார்ந்து அழுகிறேன். முகூர்த்த சீசனில் வந்த ஆரி வேலையெல்லாம் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்தாயிற்று. தலைவலி மாத்திரை இல்லாத நாளே கிடையாது.

நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கிளினிக்கில் டி.எம்.எஸ். என்று காந்த சிகிச்சை, 20 சிட்டிங் பேக்கேஜ், "கன்கஷனுக்கு கேரண்டி" என்கிறார்கள். நகையை அடகு வைத்தால்தான் கட்ட முடியும். நரம்பு டாக்டரிடம் கேட்டால் "வேணும்னா பண்ணிப் பாருங்க" என்கிறார். வீட்டுக்காரர் ஏமாற்று வேலை என்கிறார், என் தங்கை வெளிநாட்டில் எல்லாம் பண்ணுகிறார்கள் என்கிறாள். யாராவது பண்ணியிருக்கிறீர்களா? வலிக்குமா? ஷாக் ட்ரீட்மென்ட் மாதிரியா?

மாம்பலம் மாமா

எதுக்கும்மா இவ்வளவு செலவு? காந்தப் படுக்கை விற்கிறார்கள், என் சம்பந்தி வீட்டில் இருக்கிறது. படுத்தால் ரத்த ஓட்டம் சீராகும்.

பெரம்பூர்க்காரி

தங்கச்சி, கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு மனநல கிளினிக்கில் பல வருஷம் இந்த மெஷினை ஓட்டியவள் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். இப்போது வேலையை விட்டுவிட்டுப் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன், அதனால் உங்களிடம் விற்க என்னிடம் எதுவும் இல்லை.

முதலில் மாமா சொன்ன படுக்கை. அதில் இருப்பது சும்மா கிடக்கிற காந்தம், மூளையை ஒன்றும் செய்யாது. டி.எம்.எஸ். விஷயம் வேறு. தலையில் வைக்கிற காயிலுக்குள் (கம்பிச்சுருள்) பெரிய மின்சாரத்தைக் கண் இமைப்பதற்குள் விட்டு நிறுத்துவார்கள். அந்த நொடியில் எழுந்து அடங்குகிற காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய், மூளையின் மேல்பகுதியில் சின்ன மின்னோட்டத்தை உண்டாக்கும். 1831-இல் ஃபாரடே சொன்ன விதிதான், டிரான்ஸ்ஃபார்மரும் அதே விதியில்தான் ஓடுகிறது. 1985-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் ஊரில் ஆந்தனி பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் இதைத் தலையில் வைத்துக் கையை அசைத்துக் காட்டினார்கள். ஆக ஏமாற்று மெஷின் இல்லை, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஷாக் ட்ரீட்மென்டும் இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது. முழு நினைவோடு உட்கார்ந்திருப்பீர்கள், முடிந்ததும் எழுந்து பஸ் பிடித்துப் போகலாம்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தோடு, ஹேர்பின், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி ஒரு தட்டில். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்றில் சாய்ந்து உட்கார வேண்டும். உங்கள் கடையில் இருக்கிற அதே இஞ்ச் டேப்பை எடுத்து மூக்கின் மேலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும், ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும் அளப்போம். துணித் தொப்பியில் மார்க்கரால் புள்ளி வைப்போம். வலது கையை மடியில் மல்லாக்க வைக்கச் சொல்லிவிட்டு, தலையின் இடப்பக்கம் காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு தட்டாக, அதாவது ஒவ்வொரு காந்தத் துடிப்பாக, தட்டுவேன். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் கட்டைவிரல் தானாகத் துள்ளும். ஒரு பாட்டியம்மா "யாருடி என் விரலை இழுக்கிறது?" என்று திரும்பிப் பார்த்தார். எவ்வளவு குறைந்த பலத்தில் பத்துக்கு ஐந்து தடவை விரல் துள்ளுகிறதோ அதுதான் உங்கள் அளவு. அதை வைத்துத்தான் டோஸ் போடுவோம், ஆளுக்கு ஆள் மாறும். விரலை அளக்காமல் எடுத்ததும் மெஷினைப் போடுகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் காயில் நெற்றிக்கு மேல், இடப்பக்கம் போகும். மன அழுத்தத்துக்கு (டிப்ரஷன்) பழைய முறையில் விநாடிக்கு 10 தட்டு, 4 விநாடி அடித்து 26 விநாடி ஓய்வு, இப்படி முப்பத்தேழரை நிமிஷத்தில் 3,000 தட்டு. புது முறையில் மூன்று நிமிஷத்திலேயே 600 தட்டு முடிந்துவிடும். தலைத்தோலில் சுண்டுகிற மாதிரி வலிக்கும், புருவம் வெட்டிவெட்டி இழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் வாரத்தில் பழகிவிடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது சத்தம். ஒவ்வொரு தட்டும் படீர் என்று கேட்கும், இயர்பிளக் கட்டாயம். ஓவர்லாக் சத்தமே ஆகாத ஒருவர் அதைத் தலைக்கு ஒட்டிவைத்துக் கேட்க வேண்டும். அதோடு மடிப்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம், வாரத்துக்கு ஐந்து நாள். அந்த டிராஃபிக்கில் போய்வருவதற்குள்ளேயே தலை சுற்றும். பேக்கேஜ் விற்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேரண்டிக்கு வருகிறேன். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. 2008-இல் இதை மன அழுத்தத்துக்கு அனுமதித்தது, 2018-இல் ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய்க்கு. கன்கஷனுக்கு அனுமதி இல்லை. கனடாவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கால்கரியில் அடிபட்ட பிறகு விடாத தலைவலிக்குப் பண்ணிப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தமே 20 பேர். இந்த மாதிரி ஆய்வில் பாதிப் பேருக்கு நிஜ காயில், பாதிப் பேருக்குச் சத்தம் மட்டும் போடுகிற போலி காயில். போலி வைத்தவர்களுக்கும் ஓரளவு வலி குறையத்தான் செய்கிறது. நம்பிக்கை தருகிற ஆரம்பம் என்று வேண்டுமானால் சொல்லலாம். இதை வைத்துக்கொண்டு எவன் கேரண்டி கொடுக்கிறான்?

இன்னொன்று, மிக முக்கியம். உங்கள் தலைவலி மாத்திரை என்ன என்று அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். ட்ரமடால் என்கிற கடும் வலி மருந்து கலந்ததாக இருந்தால் அது வலிப்பு வருகிற வாய்ப்பைக் கூட்டும். டி.எம்.எஸ்.ஸில் வலிப்பு மிக அபூர்வம்தான், ஆனால் தலையில் அடி, தூக்கமின்மை, ட்ரமடால் மூன்றும் சேர்ந்தால் நானே டாக்டரைக் கூப்பிடாமல் மெஷினைத் தொட மாட்டேன். அந்த கிளினிக்கில் இதைக் கேட்டார்களா?

நாலாவது டிவிஷன்

நான் கிரிக்கெட் லீக் மேட்சில் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே, ஷார்ட் லெக்கில் நின்று ஹெல்மெட்டில் பந்து வாங்கியவன். எனக்கும் மாதக்கணக்கில் இழுத்தது, கடைசியில் எழுந்து பல் தேய்க்கக்கூடப் பிடிக்காத நிலை. மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் டி.எம்.எஸ். பண்ணினேன்.

உண்மையைச் சொன்னால், மனசு தெளிந்தது. தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம் அம்மா ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன், அவர்கள் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்கள். ஆனால் வெளிச்சம் கூசுவது அப்படியேதான் இருந்தது. தலைசுற்றலுக்கும் அது ஒன்றும் செய்யவில்லை. அதை ஒரு பிசியோ மேடம் கழுத்தையும் பேலன்ஸையும் சரிசெய்து தீர்த்து வைத்தார், டி.எம்.எஸ்.ஸுக்கு ஆன செலவில் துளிதான் ஆயிற்று. திரும்பிப் பார்த்தால் அதைத்தான் முதலில் பண்ணியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை.

ஊசிநூல், மடிப்பாக்கம்

அக்கா, அட்டையைப் பார்த்தேன். பாராசிட்டமாலோடு ட்ரமடால் என்றுதான் போட்டிருக்கிறது. அங்கே யாரும் கேட்கவில்லை. வயசும் எடையும் கேட்டார்கள், ஜி-பே நம்பர் கொடுத்தார்கள்.

தம்பி, பிசியோ எதை வைத்து கழுத்து என்று கண்டுபிடித்தார்கள்? எனக்கும் வலி பின்மண்டையில்தான் ஆரம்பிக்கிறது.

நாலாவது டிவிஷன்

கழுத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, பின்மண்டைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார், அக்கா. எனக்கு வழக்கமாக வருகிற அதே வலி அப்படியே கிளம்பியது. அதுதான் அடையாளம் என்றார். தலை இடிபடும்போது கழுத்தும் சேர்ந்துதானே வெட்டி இழுக்கும். நீங்கள் குனிந்தே தைக்கிற ஆள் வேறு.

பெரம்பூர்க்காரி

ஜி-பே நம்பரா! நல்லவேளை நகை பீரோவில் இருக்கிறது.

ட்ரமடாலை நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள். அந்த மாதிரி மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கிளப்ப ஆரம்பிக்கும். வெறும் பாராசிட்டமால் என்றால் பதினைந்து நாள் கணக்கு. உங்கள் வலியில் பாதி அதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். வலப்பக்கம் புரண்டால் சுற்றி, தானாக நிற்கிறது என்கிறீர்கள். தலையில் அடிபட்டால் காதுக்குள் இருக்கிற சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி விழும், அப்போது இப்படித்தான் சுற்றும். இ.என்.டி. டாக்டர் உங்களைச் சட்டென்று சாய்த்துப் படுக்கவைத்துக் கண் ஆடுகிறதா என்று பார்ப்பார். அதுதான் என்றால் எப்ளி என்று ஒரு முறை, தலையை நாலு நிலையில் திருப்பியே அந்தத் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சென்ட்ரல் எதிரில் ஜி.எச்.சில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் காசே ஆகாது. ஊசிக்கண் இரண்டாகத் தெரிவதற்கு சாதாரணக் கண்ணாடிக் கடை போதாது, இரண்டு கண்ணும் சேர்ந்து குவிகிறதா என்று பார்க்க வேண்டும். சங்கர நேத்ராலயாவில் அதற்கென்றே பைனாகுலர் விஷன் கிளினிக் இருக்கிறது.

ரெஸ்ட் எடுங்கள் என்று சொன்னார்களே, அது முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டு மருத்துவர்கள் கூடி, கன்கஷன் வந்தவர்களை இருட்டு ரூமில் போட்டு வைக்காமல் சீக்கிரமே மெதுவான நடையில் இறக்க வேண்டும் என்றுதான் முடிவெடுத்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் மொட்டை மாடியில் நடங்கள். தலைவலி லேசாகக் கூடினால் பரவாயில்லை, நன்றாகக் கூடினால் வேகத்தைக் குறையுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் அழுகையும் தூக்கமின்மையும் விடவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். அவர் மன அழுத்தம் என்று சொல்லி, மருந்தும் கேட்காமல் டி.எம்.எஸ். பண்ணலாம் என்றால் அப்போது பண்ணுங்கள், நானே கூட வருகிறேன். அந்த அழுகைக்காகப் பண்ணுகிறோம், கன்கஷனுக்கு இல்லை என்று தெரிந்து பண்ண வேண்டும்.

மாம்பலம் மாமா

சரிம்மா, படுக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் சம்பந்திக்குக் காது கேட்பதற்காக ஆபரேஷன் பண்ணி உள்ளே காக்ளியர் மெஷின் வைத்திருக்கிறார்கள். அவருக்கு டி.எம்.எஸ். பண்ணலாமா?

பெரம்பூர்க்காரி

கூடவே கூடாது, மாமா. காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், தலைக்குள் வேறு எந்த உலோகம் இருந்தாலும் அந்த நாற்காலி பக்கமே போகக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் கூடாது. பல் அடைத்திருந்தால் பயமில்லை.

ஊசிநூல், மடிப்பாக்கம்

திங்கட்கிழமை ஜி.எச். போகிறேன், வீட்டுக்காரர் லீவு போடுகிறார். கிளினிக்குக்கு போன் செய்து விரலை அளப்பீர்களா என்று கேட்டேன். "எந்த விரலை மேடம்?" என்றார்கள்.