சுழற்சிப் பிரபஞ்சத்தில் என்ட்ரோபி எங்கே போகிறது?

கேள்வி:
பெருவெடிப்புக்கு முன்னாலும் ஒரு பிரபஞ்சம் இருந்தது, அது சுருங்கி மறுபடி விரிந்ததுதான் இது என்கிற மாதிரிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு இடம் பிடிபடவில்லை. என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையவே குறையாது என்றால் முந்தைய சுற்றின் குப்பையெல்லாம் இங்கேதானே வந்து சேரும்? அப்புறம் நம் பிரபஞ்சம் தொடக்கத்தில் அவ்வளவு ஒழுங்காக இருந்தது எப்படி?

பதில் 1:
சிக்கலின் மையமே அதுதான். 1934லேயே ரிச்சர்ட் டோல்மன் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். என்ட்ரோபி கூடக்கூட ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட நீளமாகும், அப்படியே பின்னால் போனால் சுற்றுகள் சின்னதாகிச் சின்னதாகி ஒரு தொடக்கத்தில் போய் முட்டும். தொடக்கமே வேண்டாம் என்றுதானே சுழற்சியைக் கொண்டுவந்தார்கள்! 1998ல் தொலைதூர சூப்பர்நோவாக்களை வைத்து, விரிவு வேகமெடுக்கிறது, அது திரும்பிச் சுருங்கும் அறிகுறியே இல்லை என்று தெரிந்ததும் பழைய மாதிரி இன்னும் பலவீனமானது.

பதில் 2:
பழைய மாதிரிக்கு மட்டும்தான் அந்த அடி. பால் ஸ்டைன்ஹார்ட்டும் நீல் டூராக்கும் 2002ல் அந்த வேகமெடுப்பையே பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில் என்ட்ரோபி அழிவதில்லை, அந்த வேகமெடுப்புக்குக் காரணம் என்று சொல்லப்படும் இருண்ட ஆற்றல் வெளியை வெகுகாலம் விரித்துக்கொண்டே போவதால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்னும் அளவுக்கு நீர்த்துப்போகிறது. பிறகு மூடித் திறப்பது கூடுதலான இன்னொரு பரிமாணம்தான், நம்முடைய மூன்றும் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. எனக்கு இது நேர்மையான விடையாகப் படுகிறது. ரோஜர் பென்ரோஸ் வேறு வழியில் போகிறார், சுருக்கமே கிடையாது, கடைசியில் நிறையுள்ளது எதுவும் மிஞ்சாதபோது பெரிது சிறிது என்பதற்கே பொருளில்லை, அந்த முடிவே அடுத்ததன் தொடக்கம் என்கிறார். அழகான யோசனை, ஆனால் அதற்கு எலக்ட்ரான்கூட நிறையை இழந்தாக வேண்டும், அதை என்னால் ஏற்க முடியவில்லை. 2010ல் பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியில், முந்தைய சுற்றின் தடயம் என்று அவர் காட்டிய வளையங்களும் வழக்கமான மாதிரியின் கணினிப் படங்களிலேயே கிடைத்துவிட்டன.

கேள்வி கேட்டவர்:
நீர்த்துப்போவது புரிகிறது, நன்றி. சரி, இதைச் சோதிக்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு. 'இன்ஃப்ளேஷன்', அதாவது தொடக்கக் கணத்தில் பிரபஞ்சம் படுவேகமாக ஊதிப்பெருகியது, நடந்திருந்தால் அப்போதைய ஈர்ப்பு அலைகள் நுண்ணலைப் பின்னணியின் முனைவாக்கத்தில் (அந்த ஒளி அதிரும் திசையில்) ஒரு சுழல் வடிவத்தை விட்டிருக்கலாம், ஸ்டைன்ஹார்ட் மாதிரியில் அது பார்க்கக்கூடிய அளவில் இருக்காது. 2014 மார்ச்சில் தென்துருவத்து பைசெப்2 குழு பார்த்துவிட்டோம் என்றது, மறு ஆண்டே பிளாங்க் விண்கலத்தின் தரவோடு சேர்த்துப் பார்த்தால் அதை நம் விண்மீன் மண்டலத்துத் தூசியே விளக்கிவிட்டது. இன்றுவரை அந்தத் தடயம் கிடைக்கவில்லை. கிடைத்தால் ஸ்டைன்ஹார்ட் மாதிரி அடிபட்டுவிடும், கிடைக்காமலே போனாலும் இன்ஃப்ளேஷன் அடிபடாது, ஏனென்றால் அலை மிக பலவீனமாக வரும் வகைகளும் அதில் இருக்கின்றன.