தாத்தா பணம் கட்டிய அதே ஜூன்

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை, இரவு 8.10

நான்: எல்லாரிடமும் ஒரு உதவி கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கல்லூரியில் மாதிரி நாடாளுமன்றம். நான் எம்.பி. நிதி அமைச்சகத்தைக் கேள்வி கேட்க வேண்டும். தலைப்பு: யாரும் கேட்டு வராமல் கிடக்கும் காப்பீட்டுப் பணம். எழுதியதைப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

நான்: "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! ஏழைகளின் இரத்தமும் வியர்வையும் கலந்த பணம் எங்கே போனது? இந்த அரசு தூங்குகிறதா? பதில் சொல்லத் துணிவு உண்டா?" இதே மாதிரி நான்கு நிமிடம் போகும்.

திருச்சி அத்தை: அருமைடி தங்கம்! கேட்கும்போதே சிலிர்க்கிறது 👏

மதுரை மாமா: கைதட்டல் நிச்சயம். கடைசி வரியில் குரலை ஏற்று.

பெரியப்பா: தமிழ் நன்றாக இருக்கிறதும்மா. ஆனால் அமைச்சர் எழுந்து "இந்த அரசு தூங்கவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நீ கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. அப்புறம் என்ன கேட்பாய்?

பெரியப்பா: இன்னொன்று. கேள்வி நேரத்தில் கேட்கிற கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி எதுவும் கூடாது என்று மக்களவை விதியே இருக்கிறது. இரத்தமும் வியர்வையும் சபைக்குள்ளேயே வராது.

நான்: அப்படியானால் என்னதான் கேட்பது பெரியப்பா?

பெரியப்பா: தேதி கேள். தொகை கேள். யார் கையெழுத்துப் போட்டது என்று கேள். முப்பத்தைந்து வருடம் எல்.ஐ.சி.யில் இருந்தவன் சொல்கிறேன், அந்த மூன்றுக்கும் மழுப்பலாகப் பதில் சொல்வது ரொம்பக் கஷ்டம். முந்த்ரா விவகாரம் கேள்விப்பட்டிருக்கிறாயா?

நான்: இல்லை. பெயர்கூடப் புதுசு.

பெரியப்பா: பெரிதாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

பெரியப்பா: 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. கம்பெனிகளும் சேமநிதிச் சங்கங்களுமாக 245 அமைப்புகளை ஒன்றாகச் சேர்த்து, அந்த செப்டம்பர் 1-ம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது முடியவில்லை. 1957 ஜூனில், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் குருடாஸ், கான்பூரில் இருந்த பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன், இந்த மாதிரி. நொடித்துக்கொண்டிருந்த கம்பெனிகள். எங்கே முதலீடு செய்வது என்று ஆலோசனை சொல்ல எல்.ஐ.சி.யிலேயே ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. வாங்கி முடித்த பிறகுதான் அந்தக் குழுவுக்கே விஷயம் தெரியும்.

பெரியப்பா: செப்டம்பரிலேயே சபையில் இது பற்றிக் கேள்வி வந்தது. பிடி கொடுக்காத பதில். அப்படியே விட்டிருந்தால் அதோடு மறந்திருப்பார்கள். விடாமல் காகிதம் காகிதமாகச் சேர்த்து, டிசம்பர் 16-ம் தேதி ஒருவர் எழுந்தார். எதிர்க்கட்சிக்காரர் இல்லை. காங்கிரஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ரேபரேலி எம்.பி., பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன்.

திருச்சி அத்தை: மாமனார் பிரதமர், இவர் எழுந்து அவர் அரசையே கேட்டாரா!

பெரியப்பா: ஆமாம். இந்த நிறுவனத்தை உண்டாக்கியது நாடாளுமன்றம், அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டியதும் நாடாளுமன்றம்தான், இதுதான் அவர் பேச்சின் சாரம். அப்புறம் தேதி, விலை, கணக்கு. சந்தை விலையைவிட ஏன் அதிகம் கொடுத்தீர்கள்? பங்குச் சந்தை விழாமல் தாங்கிப் பிடிக்க வாங்கினோம் என்று அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். பின்னால் விசாரணையில் பங்குத் தரகர்களே வந்து, அந்தக் காரணம் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மதுரை மாமா: அப்போதைய நிதி அமைச்சர் டி.டி.கே., அதாவது டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பதவி விலகியது இதில்தானே? நம்ம சென்னைக்காரர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த கெட்டிக்கார மனிதர். அவர் காசு வாங்கினாரா என்ன?

பெரியப்பா: அந்தக் குற்றச்சாட்டே கிடையாது மாப்பிள்ளை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சக்லாவை ஒரு நபர் ஆணையமாகப் போட்டார்கள். விசாரணையை ஜனங்கள் பார்க்கத் திறந்தே வைத்தார். கூட்டம் தாங்காமல் வெளியில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் விசாரணையே முடிந்துவிட்டது! நிதிச் செயலாளர் எச்.எம். படேல்தான் செய்தார் என்கிற தோரணையில் டி.டி.கே. பேசினார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு, நழுவ முடியாது என்று சக்லா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். 1962-ல் மந்திரிசபைக்குத் திரும்பி, மறுபடியும் நிதி அமைச்சரும் ஆனார். அந்தப் படேலும் 1977-ல் நிதி அமைச்சர் ஆனார்.

மதுரை மாமா: அப்படியானால் சரி. ஆனாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரியப்பா: எனக்கும்தான். நல்ல திறமைசாலி. ஆனால் திறமைசாலி என்பதற்காகக் கேட்காமல் விட முடியாதே.

அம்மா: அத்தான், பத்திரிகைகள் இதையெல்லாம் அன்றைக்குப் பயமில்லாமல் போட்டனவா?

பெரியப்பா: நல்ல இடத்தில் கேட்டாய். சபைக்குள் பேசுகிறவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதை அச்சடிக்கிற பத்திரிகைக்கு வழக்கு பயம் இருந்தது. அதற்கும் முன்கூட்டியே வழி செய்தவர் பெரோஸ்தான். சபை நடவடிக்கையை நேர்மையாக வெளியிட்டால் வழக்குப் போட முடியாது என்று, அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956-ல் சட்டமாக்கினார். அவர் 1960-ல் போய்விட்டார், 48 வயதுகூட நிறையவில்லை. நெருக்கடி நிலையில், 1976-ல், அந்தச் சட்டத்தை ரத்து செய்தது அவர் மனைவியின் அரசு. 1977-ல் ஜனதா வந்து திரும்பக் கொண்டுவந்தது.

அம்மா: ஐயோ.

பெங்களூர் அண்ணன்: பாப்பா, நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடு. அதற்குத்தான் வாய்மொழிப் பதில், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 தான் பட்டியலில் வரும்.

பெரியப்பா: சரியாகச் சொன்னான். துணைக் கேள்விதான் உயிர். முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டாவதற்கு அமைச்சரே வாய் திறக்க வேண்டும். "ஆராயப்படும்" என்று சொன்னாரானால் அதையும் குறித்துக்கொள். அது வாக்குறுதிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினாரா என்று பார்க்க ஒரு குழுவே இருக்கிறது.

9.25

அம்மா: பாட்டி எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி இதை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா: 📷 படம்

அம்மா: தாத்தாவின் பிரீமியம் ரசீதுகள். குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கிறது. அடியில் இருப்பது 1956 ஜூன், பழைய கம்பெனி பெயர் அச்சடித்தது, 9 ரூபாய் 6 அணா. மேலே இருப்பதிலும் அதே பழைய கம்பெனி பெயர்தான், ஆனால் குறுக்கே எல்.ஐ.சி. கார்ப்பரேஷன் முத்திரை. 9 ரூபாய் 37 நயா பைசா. தேதி 1957 ஜூன் 11.

நான்: ஜூனா?

பெரியப்பா: அதே ஜூன்.

பெரியப்பா: இத்தனை வருடம் அந்த ஆபீசில் இருந்தும் இந்த ரசீதை நான் பார்த்ததில்லை. அப்பா எங்களிடம் காட்டியதே இல்லை.

அம்மா: அப்போது வாத்தியார் சம்பளம் எழுபது ரூபாய் சொச்சமாம். தேதி தவறினால் பாலிசி போய்விடும் என்று அந்த மாதம் பால்காரருக்குக் கடன் சொன்னாராம் பாட்டி.

திருச்சி அத்தை: எங்களுக்கெல்லாம் வறக்காப்பி கொடுத்த மாதம் இதுதானா அம்மா!

10.40

நான்: மாற்றி எழுதிவிட்டேன். "நிதி அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) பத்தாண்டுக்கு மேல் யாரும் கேட்காமல் கிடந்து, முதியோர் நல நிதிக்கு மாற்றப்பட்ட காப்பீட்டுத் தொகை, ஆண்டுவாரியாக எவ்வளவு, (ஆ) மாற்றுவதற்கு முன் உரியவரைத் தேடி எத்தனை வீடுகளுக்கு நேரில் ஆள் அனுப்பப்பட்டது, (இ) தேடி முடித்தாகிவிட்டது என்று முடிவு செய்து கையெழுத்திடும் அதிகாரி யார்?"

பெரியப்பா: (ஆ)-வுக்குத்தான் திணறுவார்கள். அங்கேதான் துணைக் கேள்வியை வை.

நான்: வைத்திருக்கிறேன். கடிதம் போட்டோம் என்பார்கள். எந்த மொழியில் போட்டீர்கள் என்று கேட்பேன்.

பெரியப்பா: 🙏

நான்: அம்மா, வெள்ளிக்கிழமை அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டுமா? பாட்டியிடம் கேட்டுச் சொல்லேன்.

அம்மா: கேட்டேன். எடுத்துக்கொண்டு போகட்டும், குண்டூசியைக் கழற்ற வேண்டாம், சாயங்காலம் என் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்.