எல்டிஎஸ்பி லேப்: ஐந்து மெஷின் வரை ஓடுகிறது, 22-ஐயும் போட்டால் படுத்துவிடுகிறது

மேற்கு மூலை லேப்:

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளியில் கணினி ஆசிரியை. லேபில் பழைய டூயல் கோர் மெஷின்கள் 22, ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்ததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்டிஎஸ்பி (டிஸ்க் இல்லாத மெஷின்களை நெட்வொர்க் வழியே ஒரே சர்வரிலிருந்து பூட் செய்யும் மென்பொருள்) போட்டோம். சர்வர் ஐ5, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, உபுண்டு மேட் 22.04 லினக்ஸ். ஐபி முகவரியைப் பள்ளியின் பிராட்பேண்ட் ரவுட்டரே கொடுக்கிறது. எங்கிருந்து பூட் ஆக வேண்டும் என்பதை மட்டும் சொல்ல, சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் பிராக்ஸி முறையில் ஓடுகிறது. அந்தப் பக்கம் தொந்தரவு இல்லை.

ஒரு மெஷினை மட்டும் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு வந்து மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டால் பத்து நிமிடம் கறுப்புத் திரைதான். பீரியடே 40 நிமிடம்! அப்புறம் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் பாதிப் பேருக்கு ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. எல்லோரும் ‘மாணவர்’ என்ற ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். இதற்கிடையில் தமிழ்99 விசைப்பலகையை நிறுவினேன். சர்வரில் இருக்கிறது, பிள்ளைகளின் மெஷினில் இல்லை.

தலைமையாசிரியர் கொஞ்சம் பணம் ஒதுக்கித் தருகிறேன் என்கிறார். சர்வருக்கு இன்னொரு 16 ஜிபி ரேம் வாங்கலாமா?

கடைசி பெஞ்ச்:

22 பேரை ஒரு ஐ5 எப்படித் தாங்கும் மேடம்? ஜியான் ப்ராசசர், 64 ஜிபி ரேம் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. நான் படித்த கல்லூரியில் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

பாலிடெக்னிக் இன்ஸ்ட்ரக்டர்:

டீச்சர், ரேமுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

தம்பி சொல்வது பழைய எல்டிஎஸ்பிக்குப் பொருந்தும். ஜிம் மெக்குவில்லன் 1999-ல் தொடங்கியது அது. நிரல்கள் எல்லாம் சர்வரில் ஓடும், கிளையண்டுக்கு, அதாவது பிள்ளையின் மெஷினுக்கு, திரை மட்டும் போகும். 2019-ல் கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் ஜார்ஜோபூலஸ் மொத்தத்தையும் புதிதாக எழுதினார். உங்களிடம் இருப்பது அந்தப் புதியது. இதில் ஃபயர்ஃபாக்ஸ் ஓடுவது பிள்ளையின் மெஷினில், அந்த 2 ஜிபிக்குள். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதுதான் சர்வரின் வேலை. வகுப்பு நடக்கும்போது சர்வரில் எச்டாப்பை (ப்ராசசர், ரேம் பயன்பாட்டைக் காட்டும் நிரல்) திறந்து பாருங்கள், ப்ராசசர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் எழுதிவிட்டு, மெஷின்களை சர்வரோடு இணைக்கும் ஸ்விட்ச் என்னவென்று மட்டும் சொல்லவில்லையே. அதன் முகப்பில் 10/100 (நொடிக்கு 100 மெகாபிட்தான் உச்ச வேகம்) என்று போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. கணக்குப் போடுவோம். பூட் ஆகி டெஸ்க்டாப் வரும்வரை ஒரு மெஷின் தோராயமாக 300 எம்பி இழுக்கிறது என்று வையுங்கள். 22 மெஷினுக்கு 6,600 எம்பி. சர்வரிலிருந்து வெளியே வரும் கம்பி 100 மெகாபிட் என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 11 எம்பிதான் உருப்படியாகப் போகும். 600 நொடி ஆகிறது. உங்கள் பத்து நிமிடம் இதோ. அதே கம்பி கிகாபிட் ஆனால் ஒரு நிமிடச் சொச்சம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கிளையண்டில் டிஸ்க் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் நான்கு டேப் திறந்து 2 ஜிபியை நிரப்பினால், முன்பு இழுத்து வைத்த சிஸ்டம் கோப்புகளை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ரேமிலிருந்து தூக்கி எறியும். மறுபடி தேவைப்படும்போது திரும்ப சர்வரிடம் ஓட வேண்டும். அதாவது ரேம் பற்றாக்குறை நெட்வொர்க் நெரிசலாகத் தெரியும். ஜிராம் (ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் வசதி) போட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். ரேம் வாங்கியே தீர வேண்டும் என்றால் கிளையண்டுக்கு வாங்குங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் செய்தி வேறு கதை. ஒரே கணக்கு என்றால் ஒரே ஹோம் ஃபோல்டர், ஒரே ப்ரொஃபைல். முதலில் திறந்தவர் பூட்டிவிடுவார், மற்றவர்கள் வெளியே. மெஷினுக்கு ஒரு கணக்கு உருவாக்குங்கள். எல்டிஎஸ்பியின் அமைப்புகள் உள்ள கான்ஃப் கோப்பில் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் தனி எண்) வைத்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெயரும், அந்தப் பெயருக்கு ஆட்டோலாகினும் கொடுக்கலாம். பிள்ளைகள் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தமிழ்99: கிளையண்டுகள் பார்ப்பது உங்கள் சர்வரை அல்ல, அதிலிருந்து எடுத்த சுருக்கிய நகலை, அதாவது ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜை. எது நிறுவினாலும் ‘எல்டிஎஸ்பி இமேஜ் ஸ்லாஷ்’ கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். கெர்னல் மாறியிருந்தால் கூடவே ‘எல்டிஎஸ்பி கெர்னல்’.

மேற்கு மூலை லேப்:

ஸ்விட்ச் 24 போர்ட், 10/100-தான் சார். எச்டாப்பில் ப்ராசசர் ஐந்து சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. இமேஜ் புதிதாக எடுத்ததும் தமிழ்99 வந்துவிட்டது, பிள்ளைகள் பெயரை அடித்து அடித்துப் பார்க்கிறார்கள்.

கணக்குகளை ஸ்கிரிப்ட் வைத்து உருவாக்கினேன். சர்வரில் நுழைய முடிகிறது, கிளையண்டில் மட்டும் கடவுச்சொல் தவறு என்கிறது. இதற்கும் இமேஜ் எடுக்க வேண்டுமா? ஒவ்வொரு முறையும் வெகுநேரம் பிடிக்கிறதே.

பாலிடெக்னிக் இன்ஸ்ட்ரக்டர்:

வேண்டாம். ‘எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி’ கட்டளை போதும், சில நொடி வேலை. சர்வரின் பயனர் பட்டியலும் கான்ஃப் கோப்பும், பூட் ஆகும்போது கிளையண்ட் இழுக்கும் ஒரு சிறு கோப்புக்குள் அதன் வழியாகத்தான் போகின்றன. பயனரைச் சேர்த்தாலும் கான்ஃபைத் தொட்டாலும் அந்தக் கட்டளையை ஓட்டிவிட்டு கிளையண்டை ரீபூட் செய்யுங்கள்.

ஸ்விட்ச் எல்லா போர்ட்டும் கிகாபிட்டாக இருக்கட்டும், மேனேஜ்ட் (உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றக்கூடிய வகை) தேவையில்லை. சர்வரிலிருந்து போகும் கேபிள் கேட் 5இ தரத்துக்குக் கீழே இருந்தால் அதையும் மாற்றுங்கள். உங்கள் கிளையண்டுகளில் பாதி 100 மெகாபிட் கார்டாகத்தான் இருக்கும். அங்கே ஒரு வில்லங்கம் உண்டு. மெதுவான ஒரு கிளையண்ட் திணறும்போது, சாதாரண ஸ்விட்ச் ‘நிறுத்து’ என்று சர்வருக்கே சொல்லிவிடும், மற்றவர்களும் சேர்ந்து நிற்பார்கள். ஃப்ளோ கண்ட்ரோல் என்பது இதுதான். ஈத்டூல் என்ற கட்டளையால் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு அதை அணைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஈபாப்டீஸில் (லேப் மெஷின்களை மேற்பார்வையிடும் மென்பொருள்) உள்ள நெட்வொர்க் பெஞ்ச்மார்க்கை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடைசி பெஞ்ச்:

ஹோம் ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸுக்கு (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் ஒரு முறை) மாற்றினால் இன்னும் வேகமாகும் என்று படித்தேன். செய்யலாமா சார்?

பாலிடெக்னிக் இன்ஸ்ட்ரக்டர்:

வேகம் கிடைக்கும், உண்மைதான். இயல்பாக ஹோம் எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறை வழியாக வருகிறது, மறைகுறியாக்கத்தோடு. என்எஃப்எஸ்ஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே நெட்வொர்க்கில் லேப்டாப்பைச் செருகும் கில்லாடிப் பையன் அடுத்தவன் கோப்பைத் திறந்துவிடுவான். ஒன்பதாம் வகுப்பு வரைபடத்துக்கு அது பெரிய விஷயமில்லை. மதிப்பெண் பட்டியலை டீச்சர் அதே சர்வரின் ஹோமில் வைத்திருந்தால் வேண்டாம்.

மேற்கு மூலை லேப்:

வைத்திருக்கிறேன். எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸே இருக்கட்டும். ஸ்விட்ச்சுக்குக் கொட்டேஷன் வாங்கக் கடைக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் பெஞ்ச்மார்க் எண்களை இங்கே போடுகிறேன்.