பிரிட்டனில் பழைய வீடியோ டெக்கிற்கு மாற்றாக எந்த ரெக்கார்டரை வாங்குவது?

முன்பே இங்கு குடியேறிய உறவினரிடமிருந்து கட்டில், அலமாரியோடு பழைய வீடியோ டெக்கும் (கேசட் போட்டுப் பதிவு செய்யும் கருவி) சிலருக்கு வந்து சேர்வதுண்டு. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய அதை நம்பியிருக்க வேண்டாம். இந்நாட்டின் அனலாக் ஒளிபரப்பு 2012 அக்டோபரில் முற்றிலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், டெக்கின் ட்யூனர் (ஒளிபரப்பைப் பிடிக்கும் பாகம்) பிடிப்பதற்கு இப்போது எந்த அலைவரிசையும் இல்லை.

மாற்றாக டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்க நினைப்போர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறொரு கருவியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தால் டெக் அதையும் பதிவு செய்துவிடும்; இன்றைய ரெக்கார்டரோ தன் சொந்த ட்யூனர் வழியாக வரும் ஒளிபரப்பை மட்டுமே பதிவு செய்கிறது. அதிலுள்ள எச்டிஎம்ஐ இணைப்பு படத்தை டிவிக்கு அனுப்புவதற்கானது, உள்ளே வாங்குவதற்கானது அன்று. தமிழ் நிகழ்ச்சிகளை நம்மில் பெரும்பாலோர் இணையம் வழியாகவே பார்க்கிறோம். அவற்றைச் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணத்தில் இதை வாங்கினால் பணம் வீணாகும்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டுச் சுவருக்கு எந்த இணைப்பு வருகிறது என்று பாருங்கள். கூரை ஆண்டெனா இருந்தால் ஃப்ரீவியூ எனும் ஆண்டெனா வழிச் சேவைக்கான ரெக்கார்டர், சாட்டிலைட் டிஷ் இருந்தால் ஃப்ரீசாட் எனும் டிஷ் வழிச் சேவைக்கான ரெக்கார்டர்; ஒன்றுக்கானது மற்றதில் வேலை செய்யாது. வாடகை வீட்டில் புதிதாக டிஷ் பொருத்த உரிமையாளரின் அனுமதி தேவைப்படும் என்பதால், ஆண்டெனா இணைப்பு நன்றாக இருக்கும் வீட்டில் ஃப்ரீவியூவே சிக்கலற்றது. டிஷ் உள்ள வீட்டில், பழைய வகை அமைப்பாக இருந்து ஒரே ஒரு கேபிள் மட்டும் வந்தால், ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறொன்றைப் பார்ப்பது பெரும்பாலும் இயலாது.

கொள்ளளவைவிட ட்யூனர்களின் எண்ணிக்கையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு நல்ல நிகழ்ச்சிகள் வருவது இங்கு வழக்கம். ஃப்ரீவியூ ரெக்கார்டர்களில், மன்ஹாட்டன் டி3-ஆர் கருவியில் இரண்டு ட்யூனர்களும், ஹியூமாக்ஸ் ஆரா கருவியில் மூன்றும் உள்ளன. வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள், இரவு வேலைக்குச் செல்பவர் என எல்லோரும் இருந்தால் மூன்று ட்யூனர்கள் உண்மையிலேயே பயன்படும். ஒரு மணி நேர எச்டி ஒளிபரப்பு ஏறத்தாழ 3 முதல் 4 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்வதால், 500 ஜிபி வன்தட்டில் நூறு மணி நேரத்திற்கு மேல் சேமிக்கலாம். பல நிகழ்ச்சிகளை பிபிசி ஐபிளேயர், ஐடிவிஎக்ஸ் போன்ற இணையச் சேவைகளில் பின்னரும் பார்க்க முடிகிறது என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 டிபிக்கு மேல் தேவைப்படாது.

எச்டி பதிவுகள் பொதுவாக அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இயங்கும்படி பூட்டப்பட்டிருக்கும்; கேசட்டைப் போல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது, பெட்டி பழுதானால் அவையும் போய்விடும். காலத்துக்கும் வைத்திருக்க விரும்பும் எதையும் அதில் மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

இதனாலேயே, ரெக்கார்டர் வந்துவிட்டது என்று டெக்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் எடுக்கப்பட்ட திருமண கேசட்டுகள் பெரும்பாலும் பிரிட்டனில் பயன்பட்ட அதே ‘பால்’ (PAL) எனும் வீடியோ முறையில் பதிவானவை. அவை இங்குள்ள டெக்கில் ஓடும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்டிஎஸ்சி (NTSC) எனும் வேறொரு முறையில் இருக்கும் என்பதால், அதை ஓட்டும் வசதி உங்கள் டெக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய டெக்குகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. ஓடுகிற டெக் கையில் இருக்கும்போதே, கணினியில் யூஎஸ்பி வழியாகப் பொருத்தும் வீடியோ கேப்சர் கருவி ஒன்றை வாங்கி, எல்லாக் கேசட்டுகளையும் கோப்புகளாக மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். ஈரப்பதமான வீடுகளில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட கேசட்டை டெக்கில் போடாமல், சுத்தம் செய்து மாற்றித் தரும் கடையிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பு.

நேரடி ஒளிபரப்பைப் பதிவு செய்வதற்கும் டிவி லைசென்ஸ் கட்டாயம்; அதன் ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டாக உயர்ந்தது. ஒரே வீட்டில் அறை அறையாகத் தனித்தனி வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தால், வீட்டு உரிமையாளரின் லைசென்ஸ் உங்கள் அறைக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாமல், பெட்டியை இணைப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.